நறுமுகை வழுக்கிய இடம்

"இவரையும் மூணே வீச்சுல அனுப்பிச்சுடாத கண்ணு. கொஞ்ச நேரமாச்சும் ஆடு," என்று கெஞ்சியபடி மகளின் நெற்றியில் கனவுப்பட்டையைக் கட்டினாள் சுலோச்சனா.

"அது அவர் வாள் பிடிக்கிறதப் பொறுத்துங்கம்மா," என்று சிரித்தாள் நறுமுகை.

எதிர் சோபாவில் மாப்பிள்ளை இளம்பரிதி தன் பட்டையைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு அக்காவிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தான்.

கோவையில் இப்போதெல்லாம் பெண் பார்க்க வந்தால் பஜ்ஜிக்கு முன்னால் வாள் பார்த்தல். பெண்ணும் பையனும் அரைத்தூக்கத்தில் ஒரே கனவுக்குள் இறங்கி வாள் வீசுவார்கள். இரு குடும்பமும் சுவர்த்திரையில் பார்க்கும். அரைமணி நேரப் பேச்சில் பிடிபடாத குணம் ஐந்து நிமிடச் சண்டையில் பிடிபட்டுவிடும் என்பது நம்பிக்கை.

நறுமுகை வைக்கும் ஒரே நிபந்தனை, ஒயிலியை அணைத்துவிட வேண்டும். பட்டைக்குள் இருக்கும் அழகூட்டிதான் ஒயிலி. சும்மா கையை ஆட்டினாலும் அதைச் சுழன்று பாயும் வீச்சாக்கி, வாள்முனையில் தீப்பூ உதிர்த்துக் காட்டும். பார்க்கக் கண் கொள்ளாது. ஆனால் ஆடுகிறவர் யாரென்று தெரியாது. ஆறு வருடம் வெறும் கைத்திறனால் ஆடிப் பழகியவள் நறுமுகை. ஒயிலியோடு வந்த மூன்று வரன்களின் வாளை மூன்றே வீச்சில் தட்டிவிட்டு, வேண்டாம் என்றிருந்தாள்.

கண்ணை மூடினாள். நிலா நிறத்தில் புல்வெளி விரிந்தது. வானத்தில் மீன்கள் அவசரமில்லாமல் நீந்திப் போயின. அவற்றின் நிழல் அவள் தோளில் விழுந்து, தயங்கி, நகர்ந்தது.

இளம்பரிதி வாளைச் சாம்பார்க் கரண்டி மாதிரி பிடித்திருந்தான். "ஏனுங்க, அடிபட்டா வலிக்குங்களா?"

"கனவுல வலிக்காதுங்க."

"அப்பத் தைரியமாத் தோக்கலாம்."

அவன் வீச்சில் அழகு மருந்துக்கும் இல்லை. இடது காலை இழுத்து இழுத்து வைத்தான். ஆனால் பார்வை மட்டும் அவள் முகத்தை விட்டு அகலவில்லை. மூன்றாவது வீச்சுக்கு அவள் பாய்ந்தபோது, பனியில் நனைந்த கல்லொன்றில் கால் வழுக்கியது. முழங்காலில் விழுந்தாள். அவன் ஓங்கிய வாளுக்கு நேரே அவள் கழுத்து.

அவன் வாளைப் புல்லில் வைத்துவிட்டுக் கையை நீட்டினான். அந்தக் கையைப் பிடித்து எழுவதற்குள் அவள் மனம் சரி சொல்லிவிட்டது.

மகள் சம்மதம் சொன்னதும் சமையலறையில் சுலோச்சனாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எனக்குத் தெரியும் கண்ணு, இது அமையும்னு! அதுக்குத்தான உன்ற பட்டையில ஒயிலிய லேசாப் போட்டு வெச்சேன்."

கேசரிக் கரண்டி நறுமுகையின் கையிலேயே நின்றது. "ஒரு தீப்பூகூட வரலையேம்மா?"

"இது புதுசு, இயல்பொயில்னு பேரு. பாக்கறவங்க மனசு இளகற மாதிரி, வேணுங்கற இடத்துல ஒரு தடுமாற்றம் வெக்குமாம். இவரையும் நீ தட்டிவிட்டா நான் என்ன பண்றது?"

ஆறு வருடத்தில் ஒருமுறைகூட வழுக்காத கால். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"அவரு பட்டையிலயும் போட்டாங்களா?"

"அந்தத் தம்பிக்குப் பட்டை மாட்டவே தெரியல, ஒயிலி எங்க போடறது?"

உண்மையைச் சொல்லிவிடும் முடிவோடு அவள் பால்கனிக்குப் போனாள். இளம்பரிதி முந்திக்கொண்டான்.

"நீங்க பெரிய ஆட்டக்காரின்னு கேள்விப்பட்டு நடுங்கிட்டே வந்தேனுங்க. நீங்க வழுக்குனீங்க பாருங்க, அப்பத்தான் மூச்சே வந்துச்சு. சரி, இவங்களும் நம்மளாட்டம்தான்னு."

சொல்ல வந்ததை விட்டுவிட்டு அவள் சிரித்து வைத்தாள்.

"இன்னொரு ஆட்டம் ஆடலாங்களா? யாரும் பாக்காம, நம்ம ரெண்டு பேரு மட்டும்?" என்று கேட்டான்.

"ஆடலாங்க."

ஒயிலி அணைந்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் பட்டையைக் கட்டினாள். அதே புல்வெளி, அதே மீன்கள். இடது காலை இழுத்தபடி, சிரித்துக்கொண்டே அவன் வந்தான். முதல் வீச்சு. இரண்டாவது வீச்சு. அவன் வலப்பக்கம் கதவு மாதிரி திறந்து கிடந்தது. தட்டினால் போதும், வாள் பறந்துவிடும்.

அவள் தட்டவில்லை. ஆறு வருடத்தில் முதல்முறையாக, எதிராளியின் வாளை விட்டுவிட்டு, நனைந்த கல் ஏதாவது கிடக்கிறதா என்று புல்லுக்குள் தேடிக்கொண்டிருந்தாள்.