கோப்பைக்குக் கண்ணூறு

செத்தல் மிளகாய் அடுப்பில் கருகிச் சுருண்டது. ஒருவருக்கும் தும்மல் வரவில்லை. தங்கச்சி புனிதம் உப்பையும் மிளகாயையும் கைக்குள் பொத்தி, மேசையிலிருந்த பச்சைக் கோப்பையை மூன்று தரம் சுற்றித்தான் நெருப்பில் போட்டிருந்தாள். நெடி வந்தால் பயமில்லை. வராவிட்டால் கண் பட்டுவிட்டது, அதுவும் பொல்லாத கண்.

"பாத்தியே அக்கா, ஆரோ நல்லா வயிறெரிஞ்சிருக்கினம்."

"ஊர்க்கண் தானே," என்றாள் எமில்டா. அந்தக் கண் தன்னுடையது என்பது அவளுக்குத் தெரியும்.

வயிறு எரியாமல் என்ன செய்யும்? அக்கா தங்கச்சி இருவரின் புருஷன்மாருக்கும் ஒரே படகு, ஒரே வலை. எமில்டாவின் புருஷன் றஜித் காய்ச்சலில் கிடந்த ஒரு நாளில்தான், தங்கச்சி புருஷன் மரியநேசன் தனியே இழுத்த வலையில் அந்தக் கோப்பை ஏறியது. கடலுக்குப் போகாதவனுக்குப் பங்கில்லை. முல்லைத்தீவுக் கரையில் அதை மாற்ற ஒருவராலும் முடியாது. உள்ளே தாமரை செதுக்கிய சீனத்துக் கோப்பை. செலடன் என்கிற பச்சைப் பீங்கானாம், பல நூறு வருசப் பழசாம். போனில் படம் போனதும் பழம்பொருள் சேர்க்கிற கொழும்புப் பணக்காரர் நான் முந்தி நீ முந்தி என்று நின்றார்கள். வாங்குகிறவர் நாளைக்கு வருகிறார். தங்கச்சிக்குக் கல்வீடு எழும்பும். எமில்டாவுக்கு அதே ஒழுகல் தகரம்.

"நாங்கள் கோயிலுக்குப் போட்டு வாறம். நீ இதைப் பாத்துக்கொள் அக்கா."

புருஷனும் பெண்சாதியும் போனபின், மாரி மழை பின்னேரத்தையே இருட்டாக்கி, தகரத்தில் விடாமல் கொட்டி, நனைந்த விறகும் பழைய வலையும் மணக்கிற அந்த வீட்டுக்குள் அவளையும் கோப்பையையும் தனியே விட்டுவிட்டது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். நாளைக்குள் இது வெடித்துவிட்டால் ஊர் யாரைச் சொல்லும்? தங்கச்சி முகத்தில் எப்படி முழிப்பது? கண் வைத்தவரின் காலடி மண் போட்டால் கழியும் என்று, எமில்டா தன் காலடி மண்ணையே கிள்ளி, உப்பு மிளகாயோடு கோப்பையைச் சுற்றி அடுப்பில் போட்டாள்.

நெடியில்லை.

மிளகாய் பழுதோ? ஒன்றைக் கடித்தாள். நாக்கு எரிந்து கண்ணீர் வந்தது. சரி, கண்ணே படாத ஒருத்தியைச் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படி ஒருத்தி தன்னைவிட வேறு யார்? இவளைப் பார்த்து எவள் வயிறெரிவாள்? சிரிப்புக்கூட வந்தது. தன் தலையைச் சுற்றிப் போட்டாள்.

மிளகாய் கருகியது. குசினி புகையால் நிறைந்தது. நெடியில்லை.

என்னிலை ஆருடைய கண் பட்டது?

மேசைப் பக்கம் நீர் தளும்பும் சத்தம். அவள் துடைத்து வைத்த கோப்பை விளிம்பு வரை நிறைந்திருந்தது. கூரை அந்த இடத்தில் ஒழுகுவதில்லை. அழுகிய கடற்பாசி மணம். அவள் மூச்சு விட்டாள், நீர் தாழ்ந்தது. மூச்சு இழுத்தாள், நீர் எழும்பியது. மூச்சை அடக்கினாள். நீர் காத்திருந்தது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. வீடில்லை, நகையில்லை, பங்கில்லை. ஆனால் மூச்சு இருக்கிறது. கரையில், காய்ந்த நிலத்தில், நெஞ்சு நிறைய. கடலுக்கடியில் இத்தனை காலம் கிடந்த ஏதோ ஒன்றுக்கு அதுவே பெரிய சொத்து.

ஓட நினைத்தாள். ஆனாலும் கோப்பைக்கு மேல் குனிந்தாள்.

நீரில் அவள் முகம். அவள் பின்வாங்கினாள். முகம் பின்வாங்கவில்லை.

குளிர். பச்சை. உப்பு.

மேலே கோப்பையின் விளிம்பே வட்டமான வாசல், அதற்கு மேலே தகரக்கூரை. வாசலை மறைத்துக்கொண்டு ஒரு முகம் குனிந்தது. எமில்டாவின் முகம். மூக்கு விரிந்து, வாய் திறந்து, ஆசை ஆசையாய் மூச்சிழுத்தது.

"அக்கா, ஏதும் பிரச்சினையே?" முற்றத்தில், கோயிலால் திரும்பிய புனிதத்தின் குரல்.

"இல்லை," என்றது அந்த வாய். "நல்லா இருக்கிறன்."

எமில்டா கத்தினாள். கத்தல் ஒரு சின்னக் குமிழியாய் மேலே போய் நீரின் மேல் நின்றது. அவளுடைய சுட்டுவிரலே இறங்கி வந்து, மெதுவாக அதை உடைத்தது.