நான்காவது கட்டுரைக்கு யாரும் சாகவில்லை

பேராசிரியருக்கு முன்னால் அவருடைய கோப்பு துப்பறிவாளரின் அறைக்குள் வந்தது. அதை மேசைமேல் வைத்துவிட்டு, குழந்தையைத் தொட்டிலில் போட்டவர் போல ஒரு முறை தடவிக் கொடுத்தார்.

"என் பாடத்தோட தேவைகளும் நெறிமுறைகளும். நானே எழுதினது."

துப்பறிவாளரை அந்தத் தெருவில் 'நிதானம்' என்றுதான் சொல்வார்கள். அவருடைய மனைவியின் தம்பிக்கு, கூடவே உதவியாளனாகத் திரிபவனுக்கு, 'அவசரம்' என்ற பெயர் தானாகவே ஒட்டிக்கொண்டது. அவசரம் கோப்பைத் தூக்கிப் பார்த்தான்.

"என்ன பாடம் சார்?"

"இரங்கல் பாடல்கள். செத்தவங்களைப் பாடின இலக்கியம். துயரத்தைப் பத்தி இந்தப் பல்கலைக்கழகத்துலயே அதிகம் தெரிஞ்சவன் நான்தான்."

பிறகு விஷயத்துக்கு வந்தார். பருவத்துக்கு நான்கு கட்டுரைகள். தாமதமானால் பூஜ்யம். விலக்கு ஒன்றே ஒன்று: நெருங்கிய உறவில் சாவு. துறை அலுவலகம் வீட்டுக்கு போன் செய்து உறுதிப்படுத்தும். உறுதியானால் ஒரு வாரம் கூடுதலாகக் கிடைக்கும்.

"உடம்பு சரியில்லன்னா?" என்றார் நிதானம்.

"அதுக்கு இடமே இல்ல. போன வருஷம் மொத்த வகுப்புக்கும் ஒரே நாள்ல காய்ச்சல் வந்துச்சு. சாவுன்னா அப்படிச் சொல்லிட முடியாது பாருங்க, கொஞ்சம் கூசும்."

ஒரு மாணவனுக்கு மட்டும் கூசவில்லை. முதல் கட்டுரைக்குத் தாத்தா போனார். இரண்டாவதுக்குப் பெரியப்பா. மூன்றாவதுக்கு அத்தை. ஒவ்வொரு முறையும் வீட்டிலிருந்து ஒரு பெண் உறுதி சொல்லியிருந்தாள்.

"போன மாசம் மூக்குக்கண்ணாடி வாங்கப் போனேன். கடைக்காரர் அளவு பார்த்துக்கிட்டே, 'என் தம்பி மகன் உங்ககிட்டதான் சார் படிக்கிறான்'ங்கறார். பெரியப்பா! செத்தவர் எனக்குக் கண்ணாடி மாட்டி விடறார்!"

அவசரம் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"உடனே ஏன் பிடிக்கல?" என்றார் நிதானம்.

"நாலாவது சாவுல கையும் களவுமாப் பிடிக்கலாம்னு காத்திருந்தேன். சாவு வரல. கட்டுரை வந்துச்சு, கெடுவுக்கு முன்னாலயே, வகுப்புலயே முதல் ஆளா!" பேராசிரியரின் குரலில் நிஜமான ஏமாற்றம் இருந்தது. "நாளைக்கு விசாரணை. பல்கலைக்கழகத்தை விட்டே நீக்கச் சொல்லப் போறேன். அதுக்கு முன்னால அந்தப் பொம்பளை யாருன்னு தெரிஞ்சாகணும்."

துறை அலுவலகத்தில் எல்லோருக்கும் அக்காவாக இருந்த எழுத்தர்தான் அந்த மூன்று போன்களையும் செய்தவள். டிபன் டப்பாவை மூடிவிட்டு மெல்ல யோசித்தாள்.

"மூணு தடவையும் அதே நம்பர், அதே குரல் சார். முதல் தடவை நல்லாப் பேசினாங்க. ரெண்டாவது தடவை ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள மூச்சு வாங்குச்சு. மூணாவது தடவை குசுகுசுன்னுதான் வந்துச்சு. நடுவுல ஒரே இருமல். பின்னால ஏதோ மெஷின் வேற பீப் பீப்னு."

"வேற ஏதாவது கேட்டாங்களா?"

"ஆமா, அதுதான் வேடிக்கை. 'பையன் மதியம் சாப்பிடறானா, இளைச்சிருக்கானா'ன்னு ஒவ்வொரு தடவையும் கேட்டாங்க. சாவு வீட்டுல இதைக் கேக்கறாங்களேன்னு நினைச்சேன்."

இதற்குள் நூலகத்துக்குப் போய் மாணவனை நோட்டம் விட்டு வந்த அவசரம் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"மாமா, ரெண்டு போன் வெச்சிருக்கான்! ஒண்ணுல பேசறான். இன்னொண்ணு பழைய பட்டன் போன், ரப்பர் பேண்ட் போட்டது. அதுல பேசவே இல்ல, ஆனா உக்காந்து சார்ஜ் மட்டும் போடறான். கண்டிப்பா கூட்டாளி போன்தான். நாடகக்காரி எவளாவது இருப்பா."

"இருக்கலாம் மாப்ள" என்றார் நிதானம். அவர் நான்காவது கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தார். பழைய இரங்கல் பாடல்களில் செத்தவரின் பொருள்களைப் பற்றிப் பேசும் வரிகள்தான் கட்டுரையின் பொருள். ஓரிடத்தில் மாணவன் எழுதியிருந்தான்: 'முதல் நாள் அழுகை வருவதில்லை. மிச்சமிருக்கும் மருந்தை யாரிடம் கொடுப்பது என்ற யோசனைதான் வருகிறது.' பக்கத்தில் பேராசிரியர் சிவப்பு மையில் கேட்டிருந்தார்: 'ஆதாரம்?'

நிதானம் அதை இரண்டு முறை படித்தார். அன்று மாலை கண்ணாடிக் கடைக்குத் தனியாகப் போய் வந்தார். 

மறுநாள் விசாரணை அறையில் துறைத் தலைவி நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் கோப்போடு பேராசிரியர், இன்னொரு பக்கம் அக்கா. எதிரே மாணவன். அவனுடைய சட்டை அவனைவிட ஒரு அளவு பெரிதாக இருந்தது. பேராசிரியர் தம் நெறிமுறைகளின் முன்னுரையை வாசிக்கத் தொடங்கினார். முன்னுரைக்குள் இன்னொரு முன்னுரை வந்தபோது துறைத் தலைவி பேனாவால் மேசையைத் தட்டினாள்.

"நீங்க சொல்லுங்க" என்றாள் நிதானத்திடம்.

"அக்கா, அந்த வீட்டு நம்பருக்கு இப்ப ஒரு போன் போடுங்களேன்."

அக்கா எண்களை அழுத்தினாள். மாணவனின் பைக்குள் மணி அடித்தது.

"பாத்தீங்களா!" என்று பேராசிரியர் எழுந்தேவிட்டார். "இவனே குரலை மாத்திப் பேசியிருக்கான்!"

"உக்காருங்க சார். அந்தக் குரல் மாறல, தேஞ்சுது. ஒவ்வொரு தடவையும் மூச்சு குறைஞ்சுது, கடைசியா மெஷின் சத்தம் வந்துச்சு. அப்ப பேசினவங்க படுக்கையில இருந்திருக்காங்க. காசுக்கு நடிக்க வந்தவ எவளும் பையன் சாப்பிட்டானான்னு கேக்க மாட்டா. அதைக் கேக்கற ஆள் உலகத்துல ஒருத்தர்தான்." நிதானம் மாணவனைப் பார்க்காமலே தொடர்ந்தார். "அம்மா ஆஸ்பத்திரியில. அப்பா முன்னாலயே இல்லன்னு துறைப் பதிவுலயே இருக்கு. பெரியப்பாவுக்குக் கடை. கூட இருந்து பாக்க இவன் மட்டும்தான். உங்க நெறிமுறையில உடம்பு சரியில்லாதவங்களுக்கு இடமில்ல, செத்தவங்களுக்குத்தான் இருக்கு. அதனால ஆளுக்கொரு தடவை சாகடிச்சு வாரம் வாரமா வாங்கியிருக்காங்க, அம்மாவும் பையனும் சேந்து."

"அப்ப நாலாவது தடவை ஏன் கேக்கல?" என்றார் பேராசிரியர், வழக்கை விட மனமில்லாமல்.

"அதுதான் சார் எனக்கும் உறுத்துச்சு. மூணு தடவை தாமதமா வந்தவன் திடீர்னு முன்னாலயே வர்றான்னா, அவனைப் பிடிச்சு வெச்சிருந்தது இப்ப இல்லன்னு அர்த்தம். பேசாத போனை ஒருத்தன் சார்ஜ் போட்டுட்டே இருக்கான்னா அது யாரோட போன்? நேத்து பெரியப்பாகிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். அம்மா போய் ரெண்டு வாரம் ஆச்சுன்னார்."

 அவசரம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாடகக்காரி என்று சொன்னது அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"ஏம்ப்பா, எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே" என்றாள் துறைத் தலைவி.

"சொன்னா வீட்டுக்கு போன் பண்ணுவீங்க மேடம்" என்றான் மாணவன். "யார் எடுப்பா?"

பிறகு அவனே தொடர்ந்தான். "அத்தையைச் சொன்னது அம்மாவோட யோசனை. ரெண்டு பேருக்கும் ஆகாது. 'அவளை நானே அனுப்பி வெக்கறேன்டா'ன்னு போனை வாங்கினாங்க. பாதியில சிரிப்பு வந்துருச்சு. இந்த அக்கா இருமல்னு நெனச்சுக்கிட்டாங்க." அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "கட்டுரை சீக்கிரம் குடுத்ததுக்குக் காரணம் எதுவும் இல்ல சார். ஆஸ்பத்திரி போக வேண்டியதில்ல. நேரம் நிறைய இருந்துச்சு."

துறைத் தலைவி நெடுநேரம் எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். நீக்கம் இல்லை. ஆனால் சொன்னது பொய்தான்; மூன்று கட்டுரைகளுக்கும் பூஜ்யம். அடுத்த ஆண்டு இதே பாடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும். மாணவன் தலையாட்டினான். குறைவாகவும் தோன்றவில்லை, அதிகமாகவும் தோன்றவில்லை என்பது போன்ற தலையாட்டல்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "தாயார் மறைவு நெறிமுறைக்குள்ள தெளிவா வருது" என்றார் கடைசியில். அவரிடம் இருந்த ஆறுதல் அது ஒன்றுதான். "நீ முறைப்படி கேட்டிருந்தா ஒரு வாரம் குடுத்திருப்பேன்."

மாணவன் நிமிர்ந்தான்.

"அந்த ஒரு வாரத்தை இப்ப எடுத்துக்கலாமா சார்?"

"கட்டுரையைத்தான் குடுத்துட்டியே. இனிமே எதுக்கு?"

பேராசிரியர் குத்தலாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. மாணவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். வந்தது வார்த்தை இல்லை. வெளியே வகுப்பு முடிந்து பிள்ளைகள் சளசளவென்று வந்துகொண்டிருந்தார்கள். அக்கா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு, அவன் அழுது முடிக்கும்வரை அதில் சாய்ந்து நின்றாள்.