உறையாத இரத்தமும் ஒரு ரீச்சரும்

"கொஞ்சம் பார்த்து வரமாட்டீங்களா?"

மோதியதும் அவள்தான், கத்தியதும் அவள்தான். மழைச் சாரலில் ஆஸ்பத்திரித் தாழ்வாரம் முழுக்க வழுக்கியது. யசோதினியின் கையிலிருந்த சுடுதண்ணிப் போத்தல் எதிரே வந்தவனின் முழங்காலில் இடித்துவிட்டது. அவன் முகம் வெளிறிச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"இடிச்சது போத்தல்தானே... யானை இல்லையே!"

"எனக்கு ரெண்டும் ஒண்டுதான் ரீச்சர்."

"நான் ரீச்சர் எண்டு ஆரு சொன்னது?"

"நீங்க ஏசுற விதம்தான்."

சிரிப்பு வேறு! பெரிய கண்கள்... ஆண்பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு இமை? 'அண்ணா' என்று அழைக்க வாயெடுத்தவள், ஏனோ நிறுத்திக்கொண்டாள்.

ரசிக்கிற நேரமா இது? உள்ளே அக்கா உசாந்தியின் மூன்று நாள் குழந்தை. பிறந்தவுடன் ஊசி போட்ட தொடை கன்றி வீங்கியிருந்தது. பரிசோதனைக்காகக் குத்திய குதிக்காலில் பஞ்சுக்கு மேல் பஞ்சாக நனைந்துகொண்டிருந்தது. "தாய்வழியில ஆருக்காவது இப்பிடி ரத்தம் நிக்காம இருந்ததா?" என்று டொக்டர் நிஸ்மியா இரண்டு தரம் கேட்டார். அம்மா சின்னத்தங்கம் இரண்டு தரமும் இல்லை என்றாள்.

அவனோ அவளுடைய தோளில் கிடந்த சோலில் இருந்த இரத்தக் கறையைப் பார்த்துவிட்டான்.

"சின்னப் புள்ளைக்கா? நிக்குதில்லையா?" குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "எனக்கும் ரத்தம் உறையாது. ஹீமோபீலியா எண்டு சொல்லுவாங்க. உறைய வைக்கிற மருந்து ஏத்தத்தான் வாறன். என்ட அம்மாட தம்பியும் இதாலதான் செத்தவர்... உங்கட வீட்டில ஆருக்கும் இருந்ததா?"

யசோதினிக்குச் சட்டென்று நினைவு வந்தது. இருந்தது. அம்மாவின் தம்பி. நடை பழகும்போது விழுந்து நாக்கைக் கடித்து, இரண்டு நாள் இரத்தம் போய்ச் செத்த பிள்ளை. அம்மா ஒரே ஒரு தரம்தான் அதைச் சொல்லியிருக்கிறாள்.

ஓடிப்போய் அம்மாவைக் கேட்டாள்.

"வாயை மூடுகா!" அம்மா காதோடு சீறினாள். "நம்மட குடிக்கே கெட்ட பேர் வந்திரும். நீ இன்னும் கரையேறல்ல. தெரிஞ்சா உன்னை ஆரு கட்டுவான்?"

குலம் போன்ற குடி இங்கே தாய்வழியாக வருகிறது. இதுவும் அப்படித்தான். அம்மா ஒளித்தது இவளுக்காகத்தான்... ஆனால் அந்தப் பஞ்சு? யசோதினி நேரே டொக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

அதற்கென்றே உள்ள பரிசோதனைக்கு இரத்தம் உடனே போனது. உறைய வைக்கும் எட்டாவது காரணி குழந்தைக்கு அறவே இல்லையாம். நேர்ஸ் மருந்துத் தூளில் நீரை விட்டு, குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்டிக் கரைத்தாள். நூல் போன்ற நரம்பில் அது சொட்டுச் சொட்டாக ஏறியது. பிறகு வைத்த பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. யசோதினி வெளியே வந்து அழுதாள். தன் ஊசியையும் முடித்துக்கொண்டு காத்திருந்த அவன் பால் விடாத பிளேன்ரீயை நீட்டினான். பெயர் கேதீசன். களுதாவளையில் போன் திருத்துகிறானாம்.

பிறகு ஒவ்வொரு கிளினிக் நாளும் அக்கா மகனைத் தூக்கிக்கொண்டு வவுணதீவிலிருந்து அவள்தான் வந்தாள். பிள்ளைக்காக மட்டுமா? அவளுக்கே சிரிப்பு வந்தது. ஒரு நாள் தன் பரிசோதனை முடிவையும் அவனிடம் சொன்னாள். நோய் அவளை வருத்தாது, ஆனால் பிள்ளைக்குக் கடத்தக்கூடியதாக அவளும் அதை உடம்பில் காவுகிறாள். அவன் குனிந்து தன் முழங்காலைத் தடவினான்.

அதோடு அவன் வரவு நின்றது. ஒரு மாதம்... இரண்டு மாதம்... பயந்தாங்கொள்ளி! கிளினிக் நாளை வியாழனுக்கு மாற்றிக்கொண்டான் என்று நேர்ஸ்தான் சொன்னாள். அடுத்த வியாழன் அவள் தனியாக வந்து அவன் முன்னால் நின்றாள்.

"எனக்கு ஒளிக்கிறீங்களா?"

அவன் நிமிரவில்லை. "நாம ரெண்டு பேரும் சேர்ந்தா... புள்ளை ஆணோ பொண்ணோ, பாதிக்குப் பாதி இந்த வருத்தம் வரும். அதைச் சொல்லாம ஆசைப்பட ஏலா. சொன்னாலும், என்ட காலைப் பாத்து இரக்கத்தில நீங்க ஓம் எண்டா, அதையும் தாங்க ஏலா."

"அந்தக் கணக்கு டொக்டரிட்டக் கேட்டுத்தான் வந்தன். அழுதும் முடிச்சிட்டன்." அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். "எங்கட மாமனுக்கு மருந்தும் இல்ல, அவர் இருந்தார் எண்டு சொல்லவும் ஆள் இல்ல. எனக்குப் புள்ளை பிறந்தா ரெண்டும் இருக்கும். பிறக்காட்டியும் நீங்க இருப்பீங்க. அம்மாட்டயும் சொல்லிட்டன். கோவத்தில ரெண்டு நாளா வீட்டில சோறு ஆக்கல்ல."

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

"இரக்கத்துக்கு நான் ரெண்டு பஸ் மாறி வரமாட்டன்," என்றாள் யசோதினி. "உங்களில விருப்பம். அதான் வந்தன்."

"எனக்கும் உங்களில உசிர்தான்... சொல்லப் பயந்துதான் கிளினிக் நாளை மாத்தினன்."

அவள் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.