இரண்டாம் தொட்டிக்குப் போன செய்தி

செய்தி தப்பான விண்டோவில் விழுந்திருந்தது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஓடும் பழைய அரட்டை நிரல் அது. பொத்தான் கிடையாது, படம் கிடையாது, எல்லாமே கட்டளை அடித்துத்தான். மூன்றாம் தொட்டிக்காரர்களுக்கு அவன் அடித்த "காத்து சோதிச்சாச்சு, உள்ளே இறங்கலாம்", ஒரு எண் பிசகி இரண்டாம் தொட்டிக்குப் போயிருந்தது. அங்கே காற்றை இன்னும் யாரும் சோதிக்கவில்லை. அடியில் விஷவாயு தேங்கியிருக்கலாம். அங்கே கழுத்தில் கைக்கருவியைத் தொங்கவிட்டுக்கொண்டு உத்தரவுக்காகக் காத்திருப்பவன் அவன் மனைவியின் தம்பி.

'/ரிட்ராக்ட்' என்று தட்டினான். கடைசியாக அனுப்பியதை எதிராளியின் கையிலிருந்தும் பிடுங்கிக்கொள்ளும் கட்டளை. திரை அசையவில்லை. ஜன்னலே இல்லாத அந்தக் கட்டுப்பாட்டு அறையில் மின்விசிறியின் கரகரப்பும், சூடேறிய வயரின் நாற்றமும், வியர்வையில் வழுக்கும் விரல்களுமாக அந்த நொடி நீண்டுகொண்டே போக, பதறிப்போய் மேல் அம்பு, என்டர், மேல் அம்பு, என்டர் என்று அதே கட்டளையை எத்தனை தடவை என்ற கணக்கே இல்லாமல் அடித்துத் தள்ளினான்.

அனுப்பிய வரி மறைந்ததும், அடிவரியில் 'எழுதுகிறார்' என்று மின்னி, பதில் வந்தது.

"இறங்கியாச்சு மாமா. இப்ப வேணாம்னா எப்படி? வீட்லயும் உங்களுக்கு இதே பொழப்புதான்."

"ஏறு மாப்ளே. உடனே ஏறு."

அனுப்பிய மாத்திரத்தில் அந்த வரி மறைந்தது. அவன் அடித்துத் தள்ளி வரிசையில் நின்ற ரிட்ராக்ட்களில் ஒன்று அதைத் தின்றுவிட்டது. மறுபடி அனுப்பினான். அதையும் தின்றது.

மைக்கைப் பிடித்தான். "மேஸ்திரி! ரெண்டாம் தொட்டிக்கு ஓடுங்க! ஆளைத் தூக்குங்க!"

திரையில் அவன் முன்பு அனுப்பிய வரிகளும் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாய் மறையத் தொடங்கின. "விளக்கு போட்டாச்சு" என்று காலையில் அவன் அனுப்பியது போயிற்று.

"மாமா, லைட் போச்சு."

"ஏணி கட்டியாச்சு." அதுவும் போயிற்று.

"மாமா, ஏணி எங்க?"

கையை எடுத்தான். கீபோர்டு வயரையே பிடுங்கினான். நிற்கவில்லை.

"மூடி திறந்தாச்சு."

போயிற்று.

ஒலிபெருக்கியில் மேஸ்திரி மூச்சு வாங்கினார். "யோவ், விளையாடுறியா? இங்க மூடியைத் திறக்கவே இல்ல. போல்ட்டெல்லாம் துருப்பிடிச்சுக் கிடக்கு."

"உள்ளே என் மச்சான் இருக்கான் மேஸ்திரி! வெட்டித் திறங்க! கெஞ்சிக் கேக்குறேன்!"

மேஸ்திரியின் குரலுக்குப் பின்னால் இரும்பில் தட்டும் ஓசை. கைமுட்டியால். உள்ளிருந்து.

"அந்தச் சத்தம் கேக்கலையா?"

"எந்தச் சத்தம்?"

"மாமா, மூச்சு முட்டுது. தட்டுறேன். கேக்குதா?"

திரையின் உச்சியில் ஒரே ஒரு வரி மிச்சம். போன வருஷம் அனுப்பியது. "வேலைக்குப் பேசிட்டேன் மாப்ளே, திங்கக்கிழமை வந்துடு."

"போகாதே" என்றான் திரையிடம். "போகாதே."

போயிற்று.

"ஆமா," என்றார் மேஸ்திரி நிதானமாக, "உனக்கு ஏதுய்யா மச்சான்?"

விண்டோ காலி. அவன் எழுதியதும் இல்லை, மச்சான் எழுதியதும் இல்லை. மேலே பெயர் இருந்த இடமும் வெறும் கறுப்பு.

அடிவரியில் மட்டும் பச்சையில் ஒரு சொல், அணைந்து, எரிந்து, அணைந்து.

எழுதுகிறார்.

எழுதுகிறார்.