பின் கதிரைக் குரல்

“கொஞ்சம் பேசாம இருக்கிறீங்களோ? எங்களுக்கும் இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும்.”

உடன் படிப்பிக்கும் ரீச்சர்மாரோடு வந்திருந்த குணேஸ்வரி, திரும்பிப் பார்க்காமலேயே சொன்னாள். பின் கதிரையில் தன் தாய் நல்லம்மாவுக்குப் பட வசனங்களைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்த துறைமுகக் கந்தோர் கிளாக்கர் பாக்கியரத்தினம் சட்டென்று அடங்கிப்போனான்.

வெளிநாட்டில் பரிசு வாங்கிய ஜப்பான் படம். திருகோணமலைக்கு ஒரே ஒரு காட்சிக்கு வந்திருந்தது. திரையிலும் மழை, தியேட்டர் தகரத்திலும் மழை... சாமுராய் வீரன் ஒருவன் தன் பிரபுவின் முன்னால் வாளைக் கழற்றி வைத்தான். ஏன் வைத்தான்? கீழே ஓடிய ஆங்கில எழுத்துகள் குணேஸ்வரிக்குச் சிந்திய அரிசியாகத்தான் தெரிந்தன. இவ்வளவு நேரமும் கதை விளங்கியது அந்தக் குரலால்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. எவ்வளவு நல்ல குரல்... அதைப் போய் அடக்கிவிட்டாளே, இந்த இங்கிலீஷ் ரீச்சர்.

இடைவேளையில், விறாந்தையில் தேநீரோடு நின்றவனிடம் போனாள்.

“அவன் ஏன் வாளை வச்சவன்?”

“நீங்கள் வாசிச்சிருப்பீங்களே?”

அவன் கண்களில் குறும்பு. கிட்டத்தில் பார்க்க அழகான கண்கள்தான்... அவள் ரோசத்தை விழுங்கினாள்.

“எனக்குத் தூரத்து எழுத்துத் தெரியாது. கண்ணாடி வீட்டில கிடக்கு. கண்ணாடி போட்ட பொம்பிளையை ஆரும் கேட்டு வரமாட்டினமாம். கலியாணம் முடியுமட்டும் வெளியில போட அம்மா விடமாட்டா.”

குறும்பு எங்கோ போய்விட்டது.

“ஒரு ஏழைக் குடும்பத்தை வெட்டச் சொன்னவர் பிரபு. தன்னால ஏலாது எண்டிட்டான்,” என்றான் மெதுவாக. “மிச்சத்தையும் சொல்லுறன். இருந்து கேளுங்கோ.”

மிச்சப் படம் முழுக்க அவன் கொஞ்சம் உரக்கவே சொன்னான். அது தாய்க்காக மட்டுமில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. படம் முடியவே கூடாதென்று இருந்தது... ஆனாலும் முடிவு வந்தது.

“‘உங்கட வீட்டுக்கு வந்து அம்மாவோட கதைக்கட்டோ?’ எண்டு கேக்கிறான்.”

குணேஸ்வரி கண்ணைச் சுருக்கினாள். திரையில் ஆளில்லாத குதிரை ஒன்று மழையில் நின்றது. அந்தளவுக்கு அவளுக்குக் கண் தெரியும்.

“ஆரடா கேக்கிறது? குதிரையோ?” என்றாள் நல்லம்மா.

“இல்லையம்மா... நான்தான்.”

முன் கதிரையில் குணேஸ்வரி மெல்லத் திரும்பினாள்.

“வாங்கோ,” என்றாள். “ஆனா நான் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் கதவு திறப்பன். எனக்கு உங்களை வடிவாப் பார்க்கவேணும்.”