தாழ்ப்பாள் தேய்ந்த வீடு

அன்று காலை கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் மனைவி, என் மகன், மருமகள், சமையலறைக் கதவைச் சீவிப் பொருத்த வந்திருந்த தச்சர். வேறு யாரும் இல்லை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஊர் பலவிதமாகப் பேசுவதால் நடந்ததை எழுதிவைக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பொய் சொல்லும் பழக்கம் இல்லை.

என் தங்கை இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. மணமாகாதவள், பிறந்ததிலிருந்து இதே வீட்டில் இருந்தாள். சின்னவள் என்றுதான் அவளைச் சொல்வோம். அவள் போனபோது யாரும் அழவில்லை. அழக்கூடாது என்று இல்லை. வரவில்லை.

தச்சர் பையை இறக்கிவைத்துவிட்டுக் கழுத்து வியர்வையைத் துடைத்தார். "எட்டரைக்கே வெளியில அனல் பறக்குது. உங்க வீட்டுக்குள்ள மட்டும் எப்படிங்கய்யா இப்படிச் சில்லுனு இருக்கு?"

"அப்பா கட்டின வீடு. சுவர் அப்படி," என்றேன். வருகிறவர்களுக்கெல்லாம் நான் பெருமையோடு சொல்லும் பதில் அது.

அவர் கிழக்குச் சன்னலருகே போய்த் தாழ்ப்பாளைத் தடவிப் பார்த்தார். "சுவர் இல்லைங்கய்யா. இதப் பாருங்க, குச்சி மாதிரி தேஞ்சு கிடக்கு. விடியறதுக்கு முன்னால இந்தப் பக்கம் தொறந்து, வெயில் ஏறுறதுக்குள்ள சாத்தி, சாயங்காலம் அந்தப் பக்கம் தொறந்து... ஒரு நாள் தப்பாம யாரோ காத்தைக் கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டு வந்திருக்காங்க. யாருங்க அது?"

"சின்னவதான் செய்வா," என்றாள் என் மனைவி.

"அவங்கதான் போயிட்டாங்களே. இப்ப?" என்றார் தச்சர்.

"மருமகதான்."

மருமகள் நிமிர்ந்தாள். "நானா? நீங்கன்னுல்ல நெனச்சிக்கிட்டிருக்கேன், அத்தை!"

"என்னைப் பாக்காதீங்க," என்றான் மகன். "எந்தத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் திரும்பும்னே எனக்குத் தெரியாது."

"நல்ல குடும்பம்ங்க," என்று தச்சர் சிரித்தார். "காத்தே சாவி வச்சுத் தொறந்துக்குது போல."

யாரும் சிரிக்கவில்லை. நாற்பது நாளாக வீடு குளிர்ந்திருந்தது. நாற்பது நாளாக ஒருவரும் கேட்கவில்லை.

வெயில் வாசற்படியைத் தொட்டது.

கடைசி அறையில் ஒரு சத்தம்.

டக்.

சன்னல் கதவு சாத்தும் சத்தம். தாழ்ப்பாள் விழும் சத்தம். பிறகு அடுத்த அறை. அவசரமில்லாமல், பழகின கை செய்வதுபோல. ஈரத் துணியும் சோப்பும் கலந்த மணம் ஒன்று முன்னால் வந்தது. இத்தனை ஆண்டுகளாக அதை வீட்டின் மணம் என்று நினைத்திருந்தேன்.

அது அவளுடைய மணம்.

கூடத்துச் சன்னல்கள் எங்கள் கண்ணெதிரே ஒவ்வொன்றாக மூடின. கடைசித் தாழ்ப்பாளின் மேல் தச்சரின் விரல் இருந்தது. அந்தத் தாழ்ப்பாள், வழிவிடச் சொல்வதுபோல், மெதுவாக இரண்டு முறை அசைந்தது.

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

டக்.

அரையிருட்டில் மருமகள் என்னிடம் குனிந்தாள். "மாமா, போதும்னு அவங்ககிட்ட யாருமே சொல்லல. அதான் செத்தும் வேலை செய்யறாங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நீங்க சொல்லலன்னா நான் இன்னிக்கே அம்மா வீட்டுக்குப் போயிடறேன். செத்தவங்க இழுத்துட்டு வர்ற காத்துல என்னால மூச்சு விட முடியாது."

சொல்வது எளிதல்ல. சொன்னால் இதுவரை சொல்லவில்லை என்று ஆகும். கூடப் பிறந்தவளைச் சம்பளமில்லாத வேலைக்காரியாக வைத்திருந்தோம் என்று ஆகும். அதுவும் அயலான் ஒருவன் முன்னால். என் தகப்பனார் பெயரை நான் அப்படிக் கெடுத்ததில்லை. மருமகள் உள்ளே போய்ப் பெட்டியை இழுத்தாள். அப்போதும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை.

"ஏங்க," என்று மனைவி என் கையைப் பிடித்தாள். "மூச்சு வாங்குது. கேக்குதா?"

கேட்டது. என் நாற்காலிக்கு வெகு அருகில், பதினொரு சன்னல்களை இழுத்துச் சாத்திய ஒரு கிழவியின் மூச்சு. ஒவ்வொரு நாளும் அது இங்கேதான் இருந்திருக்க வேண்டும். நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்திருப்பேன்.

"உட்காரும்மா," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பக்கத்துப் பிரம்பு நாற்காலி பின்னால் நகர்ந்தது. பிரம்பு முனகியது. அதன் நடுப்பகுதி, கொஞ்சம் கொஞ்சமாக, உள்வாங்கியது.

தச்சர் உளிகளைக்கூட எடுக்காமல் போய்விட்டார். மருமகள் போகவில்லை.

"பெரியவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார், தங்கச்சி மனசு ஆறிப் போயிட்டாங்க" என்று தச்சர் ஊரெல்லாம் சொல்லி வருகிறாராம். அது தவறு. அவள் எங்கும் போகவில்லை. அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். பதினொரு சன்னல்களையும் இப்போது நான் திறந்து சாத்துகிறேன். ஒன்றை மறந்தாலும் பிரம்பு முனகுகிறது, அவள் எழுந்திருக்கப் பார்க்கிறாள்.