இடது கால் சலங்கை

தர்ஷனாவின் வலது கால் சலங்கை சமர்த்தாகக் கழன்றுவிட்டது. இடது கால் சலங்கைதான் கழலமாட்டேன் என்று அடம்பிடித்தது.

மேடையில் அவிழ்ந்துவிடக் கூடாதே என்று முடிச்சுக்கு மேல் முடிச்சுப் போட்டவள் அவளேதான். வேர்வையில் ஊறிய கயிறு இப்போது நன்றாக இறுகிவிட்டது. திருகோணமலை பஸ் நிலையத்தில் தோழி சீலா அதை நகத்தால் இழுத்துப் பார்த்தாள். பல்லாலும் கடித்துப் பார்த்தாள்.

"வெட்டுவமோ?" என்று கேட்டாள் சீலா.

"ஐயோ, வேண்டாம்! பள்ளிக்கூடத்துச் சலங்கை. வீட்டை போய் அம்மாவைக் கொண்டு அவிழ்க்கிறன்."

வலது கால் சலங்கையைச் சீலா தன் பையில் வைத்துக்கொண்டாள். பஸ் புறப்பட்டது. தர்ஷனாவின் தம்பி டிலுக்ஷன் நடுவில் உட்கார்ந்தான். அவனுக்கு ஆறு வயது. அக்கா ஆடுவதைப் பார்க்க வந்திருந்தான்.

சீலா ஜன்னல் வழியாகத் துறைமுகத்துக் கப்பல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வந்தால் அவள் பேசமாட்டாள். அவளுக்குக் கோபம் வந்ததிலும் தப்பில்லை. நடனப் போட்டியின் கடைசியில் எல்லோரும் முழங்காலை மடக்கி, அரைமண்டியில் சிலைபோல நிற்கவேண்டும். மண்டபமே அமைதியாக இருந்தபோது, ஒரே ஒரு சலங்கை மட்டும் 'சல்' என்றது. அது தர்ஷனாவின் இடது கால் சலங்கை. பரிசு வேறு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது.

நடன வகுப்பிலும் தர்ஷனாவுக்கு இதே கதைதான். டீச்சர் வருமுன் பிள்ளைகள் 'சலங்கை உறக்கம்' விளையாடுவார்கள். சலங்கை கட்டி அரைமண்டியில் அசையாமல் நிற்க வேண்டும். யாருடைய சலங்கை ஒலிக்கிறதோ அவர் அவுட். முதலில் அவுட் ஆவது எப்போதும் தர்ஷனா. கடைசிவரை நிற்பது சீலா.

"சீலா, உன்ர சலங்கை மட்டும் எப்பிடிச் சத்தம் போடுதில்லை?" என்று தர்ஷனா மெதுவாகக் கேட்டாள்.

சீலா ஜன்னலிலிருந்து திரும்பினாள். "நீ மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய். நான் கண்டனான். மூச்சைப் பிடிச்சா உடம்பு விறைக்கும். பிறகு கால் நடுங்கும். நான் வயிறு ஒட்டுமட்டும் மெல்ல மெல்ல மூச்சை விடுறனான்."

"இதை முந்தியே சொல்லியிருக்கலாமே!"

"நீ கேக்கேல்லையே!"

சீனக்குடாவில் சீலா இறங்கினாள். இறங்கும்போது கையைக் காட்டிவிட்டுத்தான் போனாள். தர்ஷனாவுக்கு மனம் சற்று இலேசானது.

தம்பலகாமத்துச் சந்தியில் அக்காவும் தம்பியும் இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. மோட்டார்சைக்கிளோடு வந்து நிற்பதாகச் சொன்ன அப்பாவைக் காணவில்லை. சந்திக் கடையும் பூட்டிக் கிடந்தது. வயல்களுக்கு அப்பால் யானைவெடி வெடித்தது.

தர்ஷனாவுக்கு விளங்கிவிட்டது. அப்பா மற்றவர்களோடு யானை விரட்டப் போய்விட்டார். நெல் முற்றிய காலம் இது. போன அறுவடையின்போது அப்பாவின் அண்ணன், அவர்களுடைய பெரியப்பா, வயலில் காவல் இருந்த இடத்திலேயே யானை அடித்துச் செத்துப்போனார். அன்றிலிருந்து டிலுக்ஷன் அக்காவின் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் உறங்குவான்.

"வெடி அங்காலதான் கேக்குது. இருட்ட முந்தி ஓட்டமா நடந்து வீட்டை போயிடுவம்," என்றாள் தர்ஷனா.

அவள் செய்த பிழை அதுதான். அங்கே விரட்டினால் யானை இங்கே வரும் என்று அவள் நினைக்கவில்லை.

வாய்க்கால் ஓரமாக நடந்தார்கள். சல், சல், சல்.

"அக்கா, ஐஸ்பழக்காரர் மணி அடிச்சுக்கொண்டு வாற மாதிரிக் கிடக்கு!" என்று டிலுக்ஷன் சிரித்தான்.

"பேசாமல் நட."

வளைவில் திரும்பியதும் அவன் சிரிப்பு நின்றது. மருதமரத்தடியில் இருந்த கறுப்பு அசைந்தது. ஒற்றை யானை. அதன் விலாவில் வெடி பட்ட காயம் சிவப்பாகத் தெரிந்தது. அது இன்னும் இவர்களைக் காணவில்லை.

தர்ஷனா பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். உடம்பு விறைத்தது. இடது கால் நடுங்கியது.

சல்.

யானையின் காதுகள் விரிந்தன. அது திரும்பி, அவர்களை நோக்கி வந்தது. டிலுக்ஷன் ஓடப் பார்த்தான். தர்ஷனா அவன் கையை இறுகப் பிடித்தாள். ஓடினால் சலங்கை கத்தும். குனிந்து பொத்தினாலும் கத்தும்.

'மெல்ல மெல்ல விடுறனான்' என்று சீலா சொன்னது நினைவுக்கு வந்தது.

அவள் முதுகை நிமிர்த்தினாள். இரண்டு பாதங்களும் முழுதாக மண்ணில் பதிந்தன. அடைத்து வைத்திருந்த மூச்சை வயிறு ஒட்டுமட்டும் மெல்ல விட்டாள். பிறகு டிலுக்ஷனின் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

அவனுடைய சின்னக் கை அவள் வயிற்றோடு உள்ளே போனது, வெளியே வந்தது. அவனுக்கும் விக்கல் போல வந்துகொண்டிருந்த மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

யானை நின்றது. தும்பிக்கையைத் தூக்கி மோப்பம் பிடித்தது. நல்லவேளை, காற்று யானையின் பக்கமிருந்து இவர்கள் பக்கம் வீசியது. அதன் மூச்சுச் சத்தம் அவர்களுக்குக் கேட்டது. தர்ஷனாவின் கண்ணீர் கன்னத்தில் ஓடியது. அவள் துடைக்கவில்லை. சலங்கை உறங்கியது.

கடைசியில் யானை வாய்க்காலைக் கடந்து வயலுக்குள் இறங்கியது. முற்றிய கதிர்கள் முறியும் சத்தம் கேட்டது. அது அவர்களுடைய வயல்தான். இந்தமுறை வீட்டுக்கு நெல் வராது.

அப்பா டோர்ச்சோடு ஓடிவந்தபோதும் இருவரும் அப்படியே நின்றார்கள். அவர் மண்ணில் முழங்காலை ஊன்றி இருவரையும் அணைத்துக்கொண்டார். "அண்ணாவைப் பறிகுடுத்தது காணாதெண்டு..." என்று தொடங்கியவர், முடிக்கமுடியாமல் விம்மினார்.

"அப்பா, வயல்..." என்றாள் தர்ஷனா.

"வயல் போகட்டும் பிள்ளை. வயல் போகட்டும்."

அவர் அழுவதை டிலுக்ஷன் சற்றுநேரம் பார்த்தான். பிறகு அந்தப் பெரிய கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தான்.

"அப்பா, மூச்சைப் பிடிக்கக் கூடாது. இப்பிடி மெல்ல விடவேணும். பாருங்கோ."

அப்பா பார்த்தார். அவனோடு சேர்ந்து மூச்சு விட்டார். அவருடைய விம்மல் அடங்கிய பிறகு மூவரும் கைகோத்து நடந்தார்கள்.

வீட்டு வாசலில் அம்மாவைக் கண்டதும் தர்ஷனாவின் கால்கள் வெடவெடவென்று நடுங்கத் தொடங்கின. சலங்கை தன் பாட்டில் ஒலித்தது. அதை யாருமே நிறுத்தச் சொல்லவில்லை.